புதுப்பிப்பு: மணலி கால்வாய்க்கு எந்தச் செடி?

வட சென்னையில் மணலி பக்கம் கால்வாய்த் தண்ணீரில் கலக்கும் ஈயம், காட்மியத்தைச் செடி வைத்து எடுக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் ஆகாயத்தாமரையைச் சொன்னீர்கள். உலோகத்தை நன்றாகவே இழுக்கும், சரி. ஆனால் உப்பு தாங்காது. கடல்நீர் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம் பக்கம் போனால் கருகிவிடும். அங்கே நாணல்தான் தாக்குப்பிடிக்கும், சம்பும் (நீரோரம் வளரும் உயரமான கோரை போன்ற செடி) ஓரளவு.

ஒரு சம்பைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் துருப்பிடித்த கம்பி நிறம். வேர் கசியவிடும் ஆக்சிஜன் பட்டு இரும்பு அங்கேயே படிகிறது. மற்ற உலோகங்களும் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. தழைக்கு ஏறுவது கொஞ்சம்தான், ஆகவே தழையை மட்டும் அறுத்தால் பெரும்பகுதி வேரிலும் சேற்றிலுமே தங்கிவிடும்.

அப்புறம், அறுத்ததை மாட்டுக்குப் போடலாமா என்று கேட்டவருக்கு: தயவுசெய்து வேண்டாம். உரமாகவும் போடாதீர்கள், செடி மட்கினாலும் உலோகம் மட்காது.

அடுத்து சேற்றை ஆய்வகத்தில் கொடுக்கப் போகிறேன். முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.