பள்ளிக்கூடம் போகாத பிள்ளை யாரோடு பழகும்?

பாயான் லெப்பாஸ் அம்மா:
நாங்கள் மலேசியாவில், பினாங்கில் இருக்கிறோம். போன வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என் மகனிடம் எந்தப் பள்ளி என்று கேட்டார். வீட்டில்தான் படிக்கிறான் என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அப்புறம் நாலு பேரோடு எப்படிப் பழகுவான்?" என்று அவன் காதுபடவே கேட்டார். அந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் முன்புதான் அவன் பந்தியில் தண்ணீர் போத்தல்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டு முன்பின் தெரியாத பாட்டிகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

வயது 11. தொடக்கப்பள்ளி இரண்டாம் ஆண்டில் பள்ளியிலிருந்து எடுத்தோம், கல்வி அமைச்சில் விண்ணப்பித்துக் கட்டாயப் பள்ளிப் படிப்பிலிருந்து விலக்கு வாங்கிய பிறகுதான். வாரத்தில் மூன்று மாலை பூப்பந்து. வியாழக்கிழமை தாவரவியல் பூங்காவில் ஆறு குடும்பங்கள் கூடுகிறோம். பாட்டியோடு சந்தைக்குப் போய்ப் போய்க் காய்கறிக்கார அங்கிளிடம் ஹொக்கியன் என்ற சீன மொழியில் விலை பேசுகிறான். இதெல்லாம் பழக்கம் இல்லையா? கேட்பவர்கள் எல்லாரும் ஏன் இதே கேள்வியையே கேட்கிறார்கள்?

செந்தூல் ஆசிரியர்:
அம்மா, அந்தப் பெரியவர் பிள்ளை காதுபடக் கேட்டது தவறு. ஆனால் கேள்வி சரியான கேள்வி. 31 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் சொன்ன பூப்பந்து, பூங்கா, அந்த ஆறு குடும்பங்கள், இத்தனையையும் தேர்ந்தெடுத்தது யார்? நீங்கள்தான். அந்த ஆறு குடும்பங்களும் உங்களைப் போலவே யோசிப்பவர்கள், ஏறக்குறைய உங்கள் அளவு வசதியுள்ளவர்கள். வகுப்பில் என்ன நடக்கும் என்றால், பிடிக்காதவன் பக்கத்தில் உட்காரவேண்டி வரும். அவன் காலையில் பசியாறாமல் வருபவனாக இருப்பான், அவனுடைய அப்பா லோரி ஓட்டுபவராக இருப்பார், இல்லை சிறையில் இருப்பார். முதல் மாதம் அழிப்பானுக்குச் சண்டை, ஜூன் மாதம் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிடுவார்கள். இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எந்த அம்மாவும் நடுவில் வந்து ஏற்பாடு செய்தது கிடையாது.

ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு அநேகமாக இடமே இல்லை. ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது, 2006ல் நீதிமன்றம் ஜெர்மனி பக்கமே நின்றது. தனித்தனித் தீவாகச் சமூகங்கள் உருவாகக் கூடாது, மாறுபட்ட எண்ணம் உள்ளவர்களோடு பிள்ளைகள் சேர்ந்து வளரவேண்டும் என்பது அவர்கள் வாதம். பல இனங்கள் சேர்ந்து வாழும் நம் நாட்டுக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளையின் கையில் தழும்பு இருந்தால் முதலில் பார்ப்பது வகுப்பாசிரியர்தான். உங்கள் வீட்டைச் சொல்லவில்லை. ஆனால் எல்லா வீடும் உங்கள் வீடு இல்லை.

பாயான் லெப்பாஸ் அம்மா:
ஐயா, தழும்பைப் பற்றி நீங்கள் சொன்னதால் சொல்கிறேன். என் மகன் பள்ளியில் இருந்தபோது மூன்று பெரிய பையன்கள் கழிவறையில் அவனை உள்ளே விட்டுக் கதவைப் பிடித்துக்கொள்வார்கள். பல மாதம் நடந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. அவன் அங்கே கற்றுக்கொண்டது காலையிலிருந்து மதியம் வரை சிறுநீரை அடக்கிக்கொள்வது எப்படி என்பதை. வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஓடுவான். டாக்டர் கேட்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. பிடிக்காதவனோடு பழகுவது ஒரு பாடம் என்கிறீர்கள், சரி. எட்டு வயதுப் பிள்ளை அதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று யார் கணக்குப் போடுவது?

கெப்போங் அப்பா:
இரண்டு பக்கமும் சொந்த அனுபவத்தை வைத்தே பேசுகிறோம், அதனால் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1992ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஷயர்ஸ் என்பவர் செய்தது. 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள், வீட்டில் படிப்பவர்கள் 70 பேர், பள்ளியில் படிப்பவர்கள் 70 பேர். அவர்களை விளையாடவிட்டுக் காணொளி எடுத்து, யார் எந்த வகை என்று தெரியாதவர்களை வைத்து மதிப்பிட்டார்கள். வீட்டில் படித்தவர்களிடம் சத்தம், தள்ளுமுள்ளு போன்ற தொல்லைகள் குறைவாக இருந்தன. தன்மதிப்பில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு முன்வரும் குடும்பங்கள் ஏற்கெனவே பிள்ளைகள் மேல் அதிகக் கவனம் வைப்பவர்கள், அதனால் அதை எல்லார் தலையிலும் ஏற்றிவிட முடியாது. தள்ளுமுள்ளு குறைவு என்பதும் நண்பர்கள் அதிகம் என்பதும் ஒன்றாகாது.

அப்புறம், கோலாலம்பூரில் ஹோம்ஸ்கூல் என்று பலர் சொல்வது உண்மையில் கடைவரிசை மாடியில் இருக்கும் தனியார் படிப்பு சென்டர். காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு மாலையில் கூட்டி வருகிறோம், சீருடை மட்டும்தான் இல்லை. என் மகள் அப்படித்தான் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பிரிட்டிஷ் பாடத்திட்டம் படிக்கிறாள். அதையும் வீட்டில் அம்மா சொல்லிக்கொடுப்பதையும் ஒரே பெயரில் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். அதேபோல 2020 மார்ச்சில் கோவிட்டால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பிள்ளைகள் சுருங்கிப்போனதைக் காட்டி வீட்டுக்கல்வியைக் குறை சொல்லாதீர்கள். அப்போது பூங்காவும் இல்லை, பாட்டி வீடும் இல்லை.

வீட்டில் படித்தவன்:
எனக்கு 24 வயது. 9 வயதிலிருந்து 17 வரை செராஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் படித்தேன், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தனியாள் தேர்வராக எழுதினேன். இங்கே என்னைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பெரியவர்களோடு பேச எனக்குப் பயமே கிடையாது. வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றால் என் நண்பர்களுக்கு வியர்க்கும், எனக்கு வராது. அதற்கு அம்மாவுக்கு எப்போதும் நன்றி சொல்வேன்.

இல்லாமல் போனது வேறு. என் நண்பர்கள் எல்லாரும் அப்பாவின் காரில் போய்ப் பார்த்த நண்பர்கள். நேரம் குறித்து, இரண்டு அம்மாக்கள் வாட்ஸ்அப்பில் பேசி முடித்து, இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டுத் திரும்புவோம். சும்மா இருக்கும்போது பக்கத்தில் ஒருவன் சும்மா இருப்பான் பாருங்கள், பஸ் வரும் வரை, மழை விடும் வரை, அது எனக்கு 18 வயதில் கல்லூரி விடுதியில்தான் கிடைத்தது. ஒருவன் கிண்டல் செய்தால் அது அன்பா அவமானமா என்று பிரித்துப் பார்க்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தேவையில்லாமல் இரண்டு பேரை இழந்தேன்.

இன்னொன்று மலாய். வீட்டில் எல்லாம் ஆங்கிலமும் தமிழும். எஸ்.பி.எம். மலாய்த் தாளுக்கு டியூஷன் போய்த் தேறிவிட்டேன், கட்டுரை எழுதுவேன். ஆனால் மாமாக் கடை என்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் நான்கு மலாய் நண்பர்கள் வேகமாகப் பேசிச் சிரிக்கும்போது நான் அரை நொடி கழித்துச் சிரிப்பேன். இன்றைக்கும் அப்படித்தான். பாயான் லெப்பாஸ் அக்கா, பூப்பந்தை விட இதைப் பாருங்கள்.

செந்தூல் ஆசிரியர்:
தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அம்மா, கழிவறையில் உங்கள் பிள்ளைக்கு நடந்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது, எங்கள் வேலையில் நாங்கள் தவறிய இடம் அது. இடைவேளையில் கழிவறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நின்றிருந்தாலே போதும். நானே எத்தனை நாள் நிற்காமல் ஆசிரியர் அறையில் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தேன் என்று நேற்று இரவு நினைத்துப் பார்த்தேன். அதற்காக என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கதவைப் பிடித்த அந்த மூன்று பேரைத்தான் பள்ளி தண்டித்து வெளியே நிறுத்தியிருக்க வேண்டும். வெளியே போனது உங்கள் பிள்ளை.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஏற்பாடு செய்யாமல், உங்கள் கார் இல்லாமல் அவன் போய்ப் பார்க்கிற ஒரு நண்பன் இருக்கிறானா?

பாயான் லெப்பாஸ் அம்மா:
கோபம் இல்லை ஐயா. ஆறு மாதம் முன்பு கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அடுக்குமாடியின் கீழே பந்து விளையாடும் கூட்டம் ஒன்று இருக்கிறது, மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், எட்டாவது மாடியில் இருக்கும் ஒரு மியன்மார்ப் பையன். ஐந்தரைக்கு இறங்குகிறான், மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் எல்லாரும் கலைகிறார்கள். போன மாதம் உதடு கிழிந்து வந்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன், "வேண்டாம்மா, நானே பேசிக்கொள்கிறேன்" என்றான். அங்கேயே நின்றேன். மறுநாள் போனான். மலாய் அரைகுறைதான், தம்பி சொன்னது சரி, பந்து விளையாட அது போதுகிறது, மற்றதற்குப் போதாது.

இன்னும் ஒன்றரை ஆண்டில் இடைநிலைப்பள்ளி முதலாம் படிவம். போகிறாயா என்று நேற்றுக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தான். முதலில் அந்தப் பள்ளியின் கழிவறையைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். அடுத்த வாரம் முதல்வரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன், அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.