பயணத்துக்கு ஏற்ற சிறிய தோல்வாரை நாமே செய்வது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் மடக்குச் சவரக்கத்தியால் சவரம் செய்துகொள்பவன். வீட்டில் சுவரில் மாட்டித் தீட்டுவதற்கு இரண்டு அடி நீளமும் மூன்று அங்குல அகலமும் கொண்ட தோல்வார் இருக்கிறது. வேலை நிமித்தமாக வெளியூரில் தங்கும்போதுதான் சிக்கல். விடுதி அறைகளில் அதை மாட்டி இழுத்துப் பிடிக்க உறுதியான கொக்கி கிடைப்பதில்லை. பையில் மடித்து வைத்தால் தோலில் மடிப்புத் தடம் நிலைத்துவிடும். எனவே, துணிகளுக்கு இடையே செருகிக்கொள்ளும் அளவில், மரப்பலகையில் தோலை ஒட்டி நானே ஒன்று செய்ய விரும்புகிறேன். எந்தத் தோலை வாங்குவது, பலகை எவ்வளவு நீளம் இருந்தால் போதும், தோலின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும், பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பூச்சு அவசியமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

வணக்கம் ஐயா. தோலைப் பற்றியே முதலில் சொல்கிறேன், ஏனெனில் பலகையையும் பசையையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தோல் சரியில்லாவிட்டால் செய்த வேலை முழுவதும் வீண். காலணி மேற்பகுதிக்கு விற்கப்படும் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பால் பதனிடப்பட்டது. அது மென்மையாகவும் நெகிழ்வாகவும் இருப்பதால் கத்தியின் முதுகு அதில் அமிழ்ந்து, கூர்மை மழுங்க இடம் கொடுக்கும். உங்களுக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, இறுக்கமான தோல். இதற்காக நீங்கள் வெளிநாட்டுச் சரக்கைத் தேட வேண்டியதே இல்லை. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில் ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயால் முடித்த தோல்தான் ‘ஈ.ஐ. தோல்’ (ஈஸ்ட் இந்தியா, அதாவது கிழக்கிந்தியத் தோல்) என்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. பிற்காலத்தில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டைச் சாறு பெரிதும் பிடித்துக்கொண்டது என்றாலும், நம் தேவைக்கு இரண்டுமே பொருத்தமானவை. சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளில் இடைவார் செய்யும் தோல் என்று கேட்டு, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். ஓரம் முழுவதும் பழுப்பு நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் பட்டையில் பதனிட்டது. நடுவில் நீலமும் சாம்பலும் கலந்த கீற்று தெரிந்தால் குரோமியத் தோல். ஐயம் இருந்தால் ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருங்கி விறைத்துவிடும், நன்கு பதனிட்ட குரோமியத் தோல் அவ்வளவாக மாறாது. தடிமன் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் இருக்கட்டும். ஆட்டுத்தோல் இதற்கு மிக மெல்லியது.

கத்தியின் வாய் ஏறத்தாழ மூன்று அங்குலம் இருப்பதால், பலகையின் அகலமும் மூன்று அங்குலம் இருந்தால் நேராகவே இழுக்கலாம். பையில் இடம் போதாமல் இரண்டு அங்குலமாகக் குறைத்தால், ஒவ்வோர் இழுப்பிலும் பிடியை ஒட்டிய குதிகாலிலிருந்து நுனிவரை வாய் முழுவதும் தோலைத் தொடும்படி சாய்வாக இழுக்க வேண்டியிருக்கும். நீளத்தில் தாராளமாகக் குறைக்கலாம்: தோல் பகுதி பத்து அங்குலமும் பிடி நான்கு அங்குலமும் போதும். நீளம் குறையும் அளவுக்குச் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும்.

பலகைக்குத் தேக்குத் துண்டு நல்லது. தச்சுப் பட்டறைகளில் கழிவாகவே கிடைக்கும். தடித்த கண்ணாடியின் மேல் 220 எண் உப்புத்தாளை விரித்து, அதில் பலகையைத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். பலகையின் மேடுபள்ளம் தோலின் வழியாக அப்படியே கத்திக்கு வந்து சேரும் என்பதால் இதில் பொறுமை தேவை. காலணித் தொழிலாளர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையைத் தோலின் சதைப்புறத்திலும் பலகையிலும் மெல்லிதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காற்றுக்குமிழ் தங்காமல் பூரிக்கட்டையால் உருட்டி அழுத்துங்கள். பிறகு கண்ணாடியின் மேல் கவிழ்த்து, எடை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். வழவழப்பான முகப்புறமே மேலே இருக்க வேண்டும். கத்தி தடுக்காமல் இருக்க ஓரங்களை மட்டும் சற்றே சரித்து விடுங்கள்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்ன தோல் தேர்வை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பலகைதான் ஒரே வழி என்பதை ஏற்க இயலவில்லை. வாய் சற்று வளைந்த பழைய கத்திகள் தட்டையான பலகையில் ஒரே நேரத்தில் முழுவதும் படியமாட்டா. இலேசாகத் தொய்ந்து கொடுக்கும் தொங்கு வாரில் அவை இயல்பாகப் படியும். இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் பதினாறு அங்குலத் தோலை வெட்டி, ஒரு முனையில் வளையமும் உறுதியான கயிறும் பொருத்திவிட்டால், கதவின் கைப்பிடியே கொக்கியாகிவிடும். மடிக்காமல், முகப்புறம் வெளியே இருக்குமாறு தளர்வாகச் சுருட்டுங்கள். முகப்புறம் உள்ளே போனால் அதில் சுருக்கம் விழும். சவரத் தூரிகை வைக்கும் உருளைக் குப்பியைச் சுற்றியே சுருட்டினால் தனியாக இடமும் தேவையில்லை. இழுவிசை தளராமல் பிடிக்கக் கை பழகியிருக்க வேண்டும் என்பது மட்டுமே இதற்கான நிபந்தனை.

மூன்றாம் மறுமொழி

பூச்சைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. நாள்தோறும் சவரத்துக்கு முன் தீட்டுவதற்குப் பூச்சு எதுவும் இல்லாத வெறும் தோலே வேண்டும். குரோமியம் ஆக்சைடு உலோகத்தை உண்மையிலேயே தேய்த்தெடுக்கும் பொருள். பலகையின் மறுபுறத்தில் இன்னொரு தோல் துண்டை ஒட்டி அதில் மட்டும் மிகச் சிறிதளவு தேய்த்து வையுங்கள். கத்தி முடியை வெட்டாமல் இழுக்கத் தொடங்கும்போது அதில் சில சுற்றுகள், பிறகு கத்தியை நன்றாகத் துடைத்துவிட்டு வெறும் தோலில் வழக்கம்போல. பச்சைத் துகள் வெறும் தோலுக்கு ஒருமுறை பரவிவிட்டால் அதைப் போக்குவது கடினம் என்பதால், இரண்டு முகங்களையும் மூடும் உறை ஒன்று தைத்துக்கொள்வது நல்லது. இழுக்கும்போது முதுகு முன்னே, வாய் பின்னே. திருப்பும்போது முதுகின் மேலேயே உருட்ட வேண்டும். சிறிய பலகையில் திருப்பங்கள் அடுத்தடுத்து வருவதால் வேகம் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் கத்தியின் வாய் நேரானது என்பதால் பலகையையே செய்யத் தீர்மானித்திருக்கிறேன். ஈரமான ஊர்களிலும் மழைக்காலத்திலும் பட்டைத் தோலில் பூஞ்சை பிடிக்காமல் எப்படிக் காப்பது?

முதல் மறுமொழி எழுதியவர்

உறையைப் பருத்தித் துணியில் தையுங்கள். நெகிழிப் பைக்குள் அடைத்தால் ஈரம் தங்கிவிடும். குளியலறையில் வைக்காதீர்கள், கத்தியை உலர்ந்த துணியில் துடைத்த பிறகே தோலில் வையுங்கள். தோல் நனைந்துவிட்டால் வெயிலில் காட்டாமல் நிழலிலேயே உலர விடுங்கள். எண்ணெய் அடிக்கடி தேவையில்லை. உலர்ந்த, தூய்மையான உள்ளங்கையால் தோலை அவ்வப்போது அழுத்தித் தேய்த்தாலே போதிய பதம் கிடைத்துவிடும். இன்னொன்று: விமானத்தில் செல்வதானால் பலகையைக் கைப்பையில் வைக்கலாம், கத்தியைக் கட்டாயம் சரக்குப் பெட்டியில் போட வேண்டும்.