டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்றால், யாருக்குத் தீர்ந்தது?

கடைசிப்பக்கம்:
எங்கள் கணக்கு மென்பொருள் அறிக்கையை அச்சிடும்போதெல்லாம் கடைசிப் பக்கத்தை விழுங்கிவிடுகிறது. சேவைப் பிரிவுக்கு எழுதியபோது முதலில் 'இது ஏற்கெனவே அறியப்பட்ட சிக்கல்' என்றார்கள். அடுத்த வாரம் 'வடிவமைப்பின்படியே இயங்குகிறது' என்றார்கள். பிறகு நான் மூன்று நாள் பதில் எழுதாததால் டிக்கெட்டை, அதாவது என் புகார்ப் பதிவை, 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். பக்கம் இன்னும் வரவில்லை. அலுவலகத்திலும் ஆட்குறைப்புக்கு 'மறுசீரமைப்பு' என்றே பெயர். இவற்றுள் தொழிலுக்குத் தேவையான சொல் எது, வெறும் பூச்சு எது என்று எப்படிப் பிரித்தறிவது?

சொல்லாய்வி:
நன்னூல் தகுதி வழக்கை, அதாவது ஒன்றன் நேர்ப்பெயரை விட்டுத் தகுதியான வேறு சொல்லால் சொல்வதை, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கிறது. பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். சர்வர் அடியோடு நின்றுபோன பிறகும் 'செயல்திறன் சற்றுக் குறைந்துள்ளது' என்று அறிவிப்பதை மங்கலத்தில் சேர்க்கத் தோன்றும். ஆனால் 'துஞ்சினார்' என்று கேட்டவர் எவரும் அவர் உறங்குகிறார் என்று நினைத்துக் காத்திருப்பதில்லை. நாமோ சர்வர் எழுந்துவிடும் என்று காத்திருக்கிறோம்.

இரவுப்பணி:
ஒன்பது ஆண்டுகளாகச் சேவைப் பிரிவில் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். 'அறியப்பட்ட சிக்கல்' எங்களுக்குள் பொருளுள்ள சொல்தான்: பிழை பதிவாகி, எண் பெற்று, ஒருவர் பொறுப்பில் இருக்கிறது என்பதே அதன் பொருள். 'தீர்க்கப்பட்டது' என்பதற்கு அந்த மரியாதை கிடையாது. டிக்கெட்டை 'வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்திருப்பு' என்ற நிலைக்கு மாற்றியதும் எங்கள் கெடுவுக்கான கடிகாரம் நின்றுவிடும். நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையே நாங்கள் மறுபடி கேட்பதற்குப் பல நேரங்களில் அதுதான் காரணம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கணினி வலையமைப்பை அடுக்கடுக்காக விளக்கும் ஓஎஸ்ஐ மாதிரியில் அடுக்குகள் ஏழே, அவற்றுக்கும் மேலே இருப்பவர் பயனர் என்பதால், பயனரின் தவறை 'எட்டாம் அடுக்குக் கோளாறு' என்று எங்களுக்குள் எழுதிக்கொள்வதும் உண்டு. ஒருமுறை அந்தக் குறிப்பு தவறுதலாக வாடிக்கையாளருக்கே போய்ச் சேர்ந்தது. ஆராய்ந்து பார்த்தால் தவறு எங்களுடையது.

எண்கணக்கன்:
சொற்களை விட்டாலும் எண்களும் இதே வேலையைச் செய்கின்றன. '99.9% இயங்குநேரம்' என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் நின்றிருக்கலாம் என்ற அனுமதி. 'திட்டமிட்ட பராமரிப்பு' பெரும்பாலான ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கிலேயே சேராது. கேட்டவருக்கு என் யோசனை: டிக்கெட்டை மீண்டும் திறக்கச் சொல்லி, அந்தப் பிழையின் பதிவெண்ணையும் எந்தப் பதிப்பில் திருத்தம் வரும் என்பதையும் மட்டும் கேளுங்கள்.

கடைசிப்பக்கம்:
கேட்டேன். அப்படி ஒரு பிழை தங்களிடம் பதிவாகவே இல்லை என்றும், விவரத்தைப் புதிய டிக்கெட்டில் எழுதும்படியும் பதில் வந்திருக்கிறது.