ட்ரான்ஸ்ஃபர் ஆகி வந்தப்புறம் மேஜர் மாத்தலாமா? பயாலஜி டு ஸ்டாட்டிஸ்டிக்ஸ்

கோவைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நான் எஃப்-1 ஸ்டூடன்ட் விசால அமெரிக்கா வந்து, கலிஃபோர்னியா குபர்டினோல டி அன்சாங்கற கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷ காலேஜ்) படிச்சுட்டு, இந்த ஃபால் குவார்ட்டர்லதான் ஒரு யூசிக்கு (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா கேம்பஸ்) ஜூனியரா, அதாவது மூணாவது வருஷத்துக்கு, ட்ரான்ஸ்ஃபர் ஆனேன், மேஜர் (மெயின் சப்ஜெக்ட்) பயாலஜி. லேப்ல பைப்பெட்ட புடிச்சுட்டு நிக்கறதே கடுப்பா இருக்கு, ஆனா பயோஸ்டாட் க்ளாஸ்ல ஆர்ங்கற ஸ்டாட்ஸ் சாஃப்ட்வேர்ல டேட்டா போட்டு நோண்டற அன்னிக்கு மட்டும் நேரம் போறதே தெரியல. ஸ்டாட்ஸுக்கு மாறலாமானு அட்வைசர்கிட்ட கேட்டா மல்டிவேரியபிள் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, ஒரு ப்ரோக்ராமிங் கோர்ஸ் முடிச்சுட்டு வா, அப்புறம் பாக்கலாம்ங்கறாங்க. மொத்தமே ஆறு குவார்ட்டர், அதுல ஒண்ணு முடியப்போகுது. அப்பா லோன் போட்டு அனுப்பிருக்காரு, வீட்ல இன்னும் மூச்சு விடல. யாராச்சும் இப்படி மாறிருக்கீங்களா?

பழைய_ட்ரான்ஸ்ஃபர்:
மாறிருக்கேன்மா, எக்கனாமிக்ஸ்ல இருந்து ஸ்டாட்ஸ். புடிக்குதா புடிக்கலயாங்கறத அப்புறம் பாரு, முதல்ல உன் டிபார்ட்மென்ட்ல ப்ராபபிலிட்டி சீரிஸ் (வரிசையா எடுக்கற கோர்ஸுங்க) எந்த குவார்ட்டர்ல ஆரம்பிக்குதுனு பாரு. எங்க கேம்பஸ்ல ஃபால்ல மட்டும்தான் ஆரம்பிக்கும், ஒண்ணு முடிச்சாதான் அடுத்தது, அத விட்டா ஒரு வருஷம் சும்மா நிக்கணும். அதனால அடுத்த ஃபாலுக்குள்ள அட்வைசர் சொன்ன மூணும் முடிஞ்சாகணும். இன்னொண்ணு, கம்யூனிட்டி காலேஜ் ஜிபிஏ (மார்க் ஆவரேஜ்) யூசில கணக்குல வராது, இங்க பூஜ்யத்துல இருந்து ஆரம்பம், இந்த ஃபால் மார்க்கும் விண்டர் மார்க்கும்தான் அவங்க கைல இருக்கும். புடிக்காத பயாலஜி க்ளாஸ்தானேனு கோட்டை விட்றாத. மொத்தம் எத்தனை யூனிட் க்ரெடிட் வரைக்கும் எடுக்கலாம்ங்கற லிமிட்டும் பாத்துக்கோ, யூசிஎல்ஏ லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ்ல 216 யூனிட் மாதிரி ஒவ்வொரு இடத்துலயும் ஒண்ணு வச்சிருப்பாங்க.

ஃப்ரீமான்ட்_அங்கிள்:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோச்சுக்காத. பயாலஜியே இருக்கட்டும், ஸ்டாட்ஸ மைனரா, அதாவது துணை சப்ஜெக்டா எடு. பயோடெக் கம்பெனிகள்ல ஆர் தெரிஞ்ச பயாலஜி ஆளுக்கு நல்ல கிராக்கி, லேப்ல நிக்கவே வேணாம். வெளியிலருந்து வர்றவங்க டியூஷனுக்கு மேல கட்டற நான்-ரெசிடென்ட் சப்ளிமென்ட் மட்டுமே இப்ப புதுசா சேர்றவங்களுக்கு வருஷத்துக்கு 37,000 டாலர் தாண்டிருச்சு, ஒரு குவார்ட்டர் இழுத்தா அதுலயே 12,000க்கு மேல, டியூஷன், வாடகை தனி. அப்பாகிட்ட இப்பவே சொல்லிடு, லோன் போட்ட மனுஷனுக்கு கடைசில தெரிஞ்சா அதுதான் வலிக்கும்.

ஓபிடி_வெயிட்டிங்:
விசா பக்கம் யாரும் சொல்லல, நான் சொல்றேன். மேஜர் மாறினா ஐ-20ய (விசாவுக்காக காலேஜ் தர்ற ஃபார்ம்) மாத்தணும், அதனால மேஜர் மாத்தற ஃபார்ம் போடறதுக்கு முன்னாடியே டிஎஸ்ஓவ (காலேஜ்ல விசா விஷயம் பாக்கற ஆபீசர்) பாரு. ஒரு குவார்ட்டர் நீளும்னு தெரிஞ்சா ஐ-20 எண்ட் டேட்டுக்கு முன்னாடியே எக்ஸ்டென்ஷன் கேக்கணும், மேஜர் மாத்தினேங்கறது அதுக்கு ஒத்துக்கற காரணம்தான், ஆனா மார்க் கொறைஞ்சு ப்ரொபேஷன்ல போய் லேட் ஆனா தர மாட்டாங்க. ஓபிடிக்கு (படிப்பு முடிச்சப்புறம் இங்க வேலை பாக்கற பர்மிஷன்) பயாலஜியும் ஸ்டாட்ஸும் ரெண்டுமே ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸ்) லிஸ்ட்ல இருக்கு, 12 மாசத்தோட இன்னொரு 24 கெடைக்கும், அந்த பயம் உனக்கு வேணாம். ஸ்டாட்ஸ் கெடைக்கலனா எக்கான் போயிடலாம்னு மட்டும் அவசரப்படாத, சாதா எக்கனாமிக்ஸ் கோட் ஸ்டெம் லிஸ்ட்ல இல்ல, குவான்டிடேடிவ் எக்கனாமிக்ஸ்னு கோட் போட்ட மேஜர்தான் இருக்கு. பேரப் பாத்து முடிவு பண்ணாம அந்த கோட, அதாவது மேஜரோட சிஐபி கோட (கவர்மென்ட் சப்ஜெக்ட் நம்பர்), கேட்டு வாங்கு.

கோவைப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். டி அன்சால கால்குலஸ் மேத் 1சி வரைக்கும் முடிச்சிருக்கேன், 1டியும் (மல்டிவேரியபிள்) 2பியும் (லீனியர் அல்ஜீப்ரா) எடுக்காம வந்துட்டேன். ரெண்டையும் சம்மர்ல அங்கயே போய் எடுத்தா ஆகாதா அக்கா, ஃபீஸும் கம்மி? அங்கிள், மைனர் ஐடியா நல்லாதான் இருக்கு, ஆனா லேப் கோர்ஸ் இன்னும் எத்தனை பாக்கி இருக்குனு பாத்தாலே தலை சுத்துது. அப்பாகிட்ட ஞாயித்துக்கிழமை ஃபோன்ல பேசறேன்.

பழைய_ட்ரான்ஸ்ஃபர்:
சம்மர்ல எடுத்தா க்ரெடிட் வரும், அசிஸ்ட்னு ஒரு வெப்சைட் இருக்கு, கம்யூனிட்டி காலேஜ் கோர்ஸ்ல உன் யூசி கோர்ஸுக்கு ஈடா எது வருதுனு அதுல பாத்துக்கோ. ஆனா அங்க வாங்கற ஏ உன் யூசி ஜிபிஏவ தூக்காது, டிபார்ட்மென்ட் பாக்கப்போறது அதத்தான். அதனால விண்டர்ல லீனியர் அல்ஜீப்ராவ இங்கயே எடு, ஸ்ப்ரிங்ல ப்ரோக்ராமிங், மல்டிவேரியபிள் மட்டும் சம்மருக்கு. ஆனா மேஜர் மாத்தற அப்ளிகேஷன ஸ்ப்ரிங்லயே மூடிடுவாங்களானு கேட்டுக்கோ, மூடினா சம்மர் ப்ளான் ஆகாது, மூணையும் அதுக்குள்ள முடிக்கணும். விண்டர் என்ரோல்மென்ட் ஓப்பன் ஆயிருக்கும், லீனியர் அல்ஜீப்ரா சட்டுனு ஃபுல் ஆயிடும், வெயிட்லிஸ்ட்லயாவது இன்னிக்கே பேரப் போடு.