புதுப்பிப்பு: ஆற்றங்கரை வேலிக் கணக்கு

சேரன்மகாதேவியில் பிளஸ் டூ படிக்கும் என் அக்காள் மகளுக்காக இங்கே ஒரு கணக்குக் கேட்டிருந்தேன். ஆற்றை ஒட்டிய செவ்வக வயல். கையில் 200 மீட்டர் வேலி. ஆற்றுப் பக்கம் வேலி வேண்டாம். பரப்பு மிக அதிகமாக என்ன அளவு? சதுரம் ஏன் வரவில்லை என்பதுதான் அவளுடைய சண்டை.

விடையை மட்டும் எறிந்துவிட்டுப் போனவர்களுக்கும் நன்றி. அது புத்தகத்தின் கடைசியிலேயே இருக்கிறது. வகையிடல் வழி சுலபம். ஆற்றை நோக்கிப் போகும் அகலம் ‘அ’ என்றால் கரையோர நீளம் 200 − 2அ. பரப்பு 200அ − 2அ². வகைக்கெழு, அதாவது அகலத்தோடு பரப்பு மாறும் வீதம், 200 − 4அ. அது பூச்சியமானால் அகலம் 50, நீளம் 100, பரப்பு 5,000 சதுர மீட்டர்.

சண்டையைத் தீர்த்தவர் பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர். ‘கரைக்கோட்டில் கண்ணாடி வைத்ததாக நினையுங்கள். அக்கரையிலும் இதே வயல் தெரியும். இரண்டும் சேர்ந்தால் 400 மீட்டர் வேலி சுற்றிய செவ்வகம். அதில் பெரியது 100க்கு 100 சதுரம். நம் வயல் அதில் பாதி’ என்று எழுதியிருந்தார். அவள் தேடிய சதுரம் பாதி ஆற்றுக்கு அப்பால் கிடந்திருக்கிறது! தாளை மடித்துப் பார்த்துவிட்டு, ‘மாமா, இதை ஏன் வகுப்பில் சொல்லவில்லை?’ என்றாள்.

இப்போது வயலின் நடுவே, ஆற்றை நோக்கி இன்னொரு வேலி போட்டுப் பார்க்கிறாள். அகலம் 100/3 வருகிறது. அண்ணாச்சி, இதற்கும் கண்ணாடி வழி உண்டா?