மறு: ரீடயல், பட்டினா: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

> ரீடயல் = புதுப்பித்த முகப்பு
> பட்டினா = களிம்பு

பழைய கைக்கடிகாரம் பற்றிய இரண்டு சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம்: டயலை மீண்டும் பூசி எழுதுவது ரீடயல், வயதால் டயலில் ஏறும் நிறம் பட்டினா. நேற்று வந்த இந்த இரண்டு பரிந்துரைகளோடும் எனக்குச் சண்டை உண்டு. முதலாவதோடு கொஞ்சம் சொந்தச் சண்டை.

அப்பாவிடம் ஒரு ஃபேவர் லூபா சீ சீஃப் கைக்கடிகாரம் இருந்தது. வெள்ளி நிற டயல் பழுத்து, ஓரத்தில் தேநீர்க் கறைபோல் ஒரு வளையம் விழுந்திருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு கடையில் கொடுத்தேன். "புதிதாக்கித் தருகிறேன்" என்றார் கடைக்காரர். பளபளவென்று வந்தது, வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சென்ற மாதம் டவுன்ஹால் ரோட்டில், பழைய கடிகாரம் வாங்கும் ஒருவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார். ஐந்து நொடிதான். "பெயிண்ட் அடித்தது" என்று திருப்பித் தந்துவிட்டார். லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன். ஊறிய காகிதத்தில் எழுதியதுபோல் எழுத்துகளின் ஓரம் உப்பியிருந்தது. நிமிடக் கோடுகள் மணிக்குச்சிகளின் நடுவில் விழாமல் மயிரிழை தள்ளி நின்றன. ஆறு மணிக்கு அடியில் இருக்க வேண்டிய 'சுவிஸ் மேட்' என்ற பொடி எழுத்தைக் காணவே காணோம். இயந்திரத்தை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

'புதுப்பித்த' என்பது பாராட்டுச் சொல். விற்பவர் ஓடி வந்து எடுத்துக்கொள்வார், வாங்குபவர் ஏமாறுவார். நம் ஊரில் அது மங்கலச் சொல்லும்கூட. 2009 குடமுழுக்குக்கு மீனாட்சி கோயில் கோபுரங்கள் புதுவண்ணம் பூண்டதை ஊரே அண்ணாந்து பார்த்தது. கோபுரத்துச் சுதைக்குப் பூச்சு சரி. கல்வெட்டைச் சுரண்டிப் பூசினால் என்ன மிஞ்சும்? டயல் கல்வெட்டு வகை.

எச்.எம்.டி. கடிகாரங்களுக்கு இதனால் பெருங்கேடு. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தயாரிப்பு தொடங்கியது. அதன் பைலட், ஜனதா மாதிரிகள் எல்லாம் இன்று தேடப்படுகின்றன. ஆனால் இணையத்தில் விற்பனைக்கு வருபவற்றைப் பாருங்கள்: கிளிப்பச்சை, ரத்தச் சிவப்பு, தேசியக்கொடி என்று தொழிற்சாலை கனவிலும் காணாத டயல்கள்!

விலையில் டயலுக்கு இவ்வளவு இடமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-இல் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலருக்கு மேல் போனது. அவர் பெயர் முக்கியக் காரணம்தான். ஆனால் அவர் கடிகாரத்தில் இருந்த வகை டயல் இருந்தால், அவர் தொடாத டேடோனாவும் சாதாரண டயல் கொண்ட அதன் உடன்பிறப்பைவிடப் பல மடங்கு விலை போகிறது. உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றே. அந்த டயல் வெளிவந்த காலத்தில் கடைகளில் தேங்கிக் கிடந்தது என்பது தனி வேடிக்கை.

இப்போது களிம்பு. செம்பில் களிம்புபோல் உயிரோடு ஒட்டிய ஆணவம் என்பது சைவ சித்தாந்தம். நம் வீட்டிலோ களிம்பு என்றால் புளியைத் தேடுவோம். போக்க வேண்டிய அழுக்கின் பெயரை, காசு கொடுத்துக் காப்பாற்றும் நிறத்துக்கு எப்படி வைப்பது? டயலிலும் உண்மையான களிம்பு வருவது உண்டு. ஈரம் புகுந்து பித்தளைத் தகட்டில் பச்சை பிடிக்கும், விலை இறங்கும். அதற்கே அந்தச் சொல்லை விட்டுவைப்போம். கறுப்பு டயல் வெயிலில் சீராகக் காப்பி நிறத்துக்கு வருவது வேறு. திட்டுத் திட்டாக அல்லாமல் சீராக வந்திருந்தால் விலை ஏறும்.

ஆகவே என் பரிந்துரை: ரீடயலுக்கு 'மறுபூச்சு முகப்பு'. பட்டினாவுக்கு 'முதிர்நிறம்'. பழுதான டயலைக் கழற்றிவிட்டு நிறுவனமே வேறொன்று பொருத்தினால் 'மாற்றுமுகப்பு', ஏனெனில் அது பூச்சு அல்ல. டயலுக்கு 'எண்தகடு' வேண்டாம், வண்டி நினைவுக்கு வருகிறது. 'முகவட்டு'ம் வேண்டாம், சதுரக் கடிகாரம் கோபித்துக்கொள்ளும்.

---

ஐயா, வணக்கம். திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன்.

'முதிர்நிறம்' பிடித்திருக்கிறது. 'மறுபூச்சு' நீளம். 'மறுமுகப்பு' போதாதா? 'மறு' என்றால் மீண்டும், 'மறு' என்றால் களங்கமும்தானே. நிலவில் இருப்பதும் மறுதான்.

---

அம்மா, பொருள் இரண்டும் பொருந்துகிறது, மனம் கொள்ளை போகிறது. ஆனால் 'மறுமுகப்பு' என்று கேட்டால் மாற்றுமுகப்பையும் அதில் சேர்த்துவிடுவார்கள். பூசினார்கள் என்ற செய்தி சொல்லிலேயே இருக்கட்டும்.

ஒன்றை விட்டுவிட்டேன். இருட்டில் ஒளிரும் புள்ளிகளை மீண்டும் வைப்பதற்கும் சொல் வேண்டும். அந்தப் புள்ளிகளை ஒளிரவைத்த கதிரியக்கப் பொருளான டிரிட்டியம் பன்னிரண்டு ஆண்டுகளில் பாதி அழியும். ஆகவே 1960-களின் கடிகாரம் விடிய விடிய ஒளிர்ந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். 'மறுவொளிர் பூச்சு' என்று எழுதி வைத்திருக்கிறேன், வாயில் நுழையவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.