ஃப்யூஷன் கருவிக்கு லைசென்ஸ்: சேம்பர் செய்பவருக்கு எது, ஓட்டுபவருக்கு எது?

ஐந்துரோடு_ஃபேப்:
வணக்கம். சேலத்தில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஃபேப்ரிகேஷன் யூனிட். பால் டேங்க், மருந்துக் கம்பெனி வெசல்தான் வழக்கமான வேலை. இப்போது ஒரு வாக்குவம் சேம்பருக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறார்கள்: 304எல், உள்விட்டம் 600 மி.மீ., சுவர் 4 மி.மீ., 12 போர்ட், ஹீலியம் லீக் டெஸ்டில் 1×10⁻⁹ மில்லிபார்-லிட்டர்/வினாடிக்குள் வர வேண்டும். உள்ளே டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) வாயு விட்டு 120 கிலோவோல்ட் வரை கொடுத்து ஃப்யூஷன் (அணுக்கரு இணைவு) சோதனை. வினாடிக்கு 10⁸ நியூட்ரான் இலக்கு. பிற்பாடு ட்ரிடியமும் (கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன்) கலப்பார்களாம். இடம் ஏற்காடு மலையிலா அடிவாரத்திலா என்று இன்னும் முடிவாகவில்லை.

"அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஃப்யூஷனை அணுஉலைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் பர்மிஷன் எதுவும் தேவைப்படாது" என்கிறார்கள். அது சரியா? எங்கள் யூனிட்டுக்கு ஏதாவது லைசென்ஸ் வேண்டுமா?

ஓமலூர்_நியூட்ரான்:
முதலில் உங்கள் பக்கம். வெறும் சேம்பர் என்பது கதிர்வீச்சுக் கருவி இல்லை. அதை வெட்டி, வெல்டு பண்ணி, லீக் டெஸ்ட் செய்து அனுப்ப அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏஇஆர்பி) லைசென்ஸ் தேவையில்லை. இரண்டு இடத்தில் மட்டும் கவனம். வெல்டுக்கு ரேடியோகிராபி கேட்டால், இரிடியம்-192 வைத்துப் படம் எடுக்க ஏஇஆர்பி அனுமதி பெற்ற ஏஜென்சியை மட்டும் கூப்பிடுங்கள். இரண்டாவது, "பவர் சப்ளை, கிரிட் (உள்ளே வைக்கும் உயர் மின்னழுத்தக் கம்பிக்கூடு), கேஸ் லைன் எல்லாம் மாட்டி ஓடுகிற நிலையில் கொடுங்கள்" என்றால் சம்மதிக்காதீர்கள். 2004ஆம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, கதிர்வீச்சு உண்டாக்கும் கருவியை வணிகரீதியில் தயாரிக்கவே லைசென்ஸ் வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரில் "சேம்பர் மட்டும், மின்சாரம் கொடுக்கப்படாத நிலையில்" என்று எழுதி வாங்குங்கள்.

அவர்கள் பக்கம்: பர்மிஷன் தேவையில்லை என்பது தவறு. அதே விதிகளில் லைசென்ஸ் கட்டாயமான பட்டியலில் நியூட்ரான் ஜெனரேட்டர் இருக்கிறது. டியூட்டீரியம் விட்டு நியூட்ரான் எடுத்தால் அது நியூட்ரான் ஜெனரேட்டர்தான், ஃப்யூஷன் என்று பெயர் வைத்தாலும். ஏஇஆர்பியின் இ-லோரா இணையதளத்தில் பதிவு, தகுதியுள்ள கதிரியல் பாதுகாப்பு அலுவலர், அறையின் லேஅவுட், ஷீல்டிங் கணக்கு, இன்டர்லாக் (கதவு திறந்தால் கருவியைத் தானாக நிறுத்தும் அமைப்பு) படம் எல்லாம் வேண்டும். ஏஇஆர்பியின் தெற்கு மண்டல மையம் சென்னையில்தான் இருக்கிறது. கட்டடம் எழுப்பும் முன்பே லேஅவுட்டைக் காட்டிப் பேசிவிடுவது நல்லது.

ஏன் இவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. வினாடிக்கு 10⁸ நியூட்ரான், 2.45 மெகா எலக்ட்ரான் வோல்ட். 2 மீட்டர் தள்ளி நின்றால் ச.செ.மீ.க்கு வினாடிக்குச் சுமார் 200 நியூட்ரான். டோஸாக மாற்றினால் மணிக்கு ஏறத்தாழ 0.3 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட்; மூன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

நம்ம ஊர் ஷெட்டில் இது எங்கே தவறும் என்றால், கூரையில். நாலு பக்கமும் கான்கிரீட் பிளாக்கும் பாலிஎத்திலீனும் அடுக்குவார்கள், மேலே தகர ஷீட்தான் இருக்கும். மேல்நோக்கிப் போன நியூட்ரான் காற்றில் மோதிச் சிதறி சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கும். பக்கத்து யூனிட்டில் லேத் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. கூரைக்கும் சேர்த்துத்தான் ஷீல்டிங் கணக்கு போட வேண்டும். பாலிஎத்திலீன் இந்த நியூட்ரானை மெதுவாக்கிக் குறைக்கும். ஹைட்ரஜன் நியூட்ரானைப் பிடிக்கும்போது 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா வரும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

120 கிலோவோல்ட்டில் எக்ஸ்ரேவும் கணிசமாக வரும். 4 மி.மீ. எஸ்.எஸ். மட்டும் போதாது, வெளியே ஈயத்தகடு வேண்டும். கண்ணாடிப் போர்ட் வழியாக நேரே பார்க்கக் கூடாது, கேமரா வையுங்கள். வேலை செய்பவர்கள் அணியும் சாதாரண டிஎல்டி டோஸ் பேட்ஜ் வேக நியூட்ரானைச் சரியாகக் காட்டாது. அதற்கு சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் பேட்ஜ் தனியாக வேண்டும். அறையைச் சுற்றி அளக்கவும் ஜிஎம் (கைகர்) மீட்டர் உதவாது, நியூட்ரான் ரெம் மீட்டர்தான்.

சேர்வராயன்_77:
வெளிநாட்டு விஷயத்தை அவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் (என்ஆர்சி) 2023 ஏப்ரலில் எடுத்த முடிவு, ஃப்யூஷன் இயந்திரத்தை அணுஉலை விதிகளில் சேர்க்காமல், ஆஸ்பத்திரி ஐசோடோப்பும் ஆக்சிலரேட்டரும் வருகிற துணைப்பொருள் விதிகளில் சேர்ப்பது. 2024ஆம் ஆண்டு அட்வான்ஸ் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. இங்கிலாந்தில் 2023 எரிசக்திச் சட்டம் ஃப்யூஷன் நிலையத்தை 1965ஆம் ஆண்டு அணுநிலையச் சட்டத்துக்கு வெளியே வைத்தது. சுற்றுச்சூழல் ஏஜென்சியும் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பும் கண்காணிக்கும். இரண்டு நாட்டிலும் லைசென்ஸ் உண்டு. அதன் வகைதான் வேறு.

அதற்கு இயற்பியல் காரணம் உண்டு. தொடர்வினை கிடையாது. பிரான்ஸில் கட்டப்படும் ஐட்டர் மாதிரி பெரிய ஃப்யூஷன் கருவியிலும் எந்த நேரத்திலும் பிளாஸ்மாவில் இருக்கும் எரிபொருள் 1 கிராமுக்கும் குறைவு. கோளாறு வந்தால் எரிதல் தானாக நின்றுவிடும். அணுமின் நிலையத்துக்குக் கேட்பது போல 1 கி.மீ. விலக்கு மண்டலத்தை எல்லா ஃப்யூஷன் கருவிக்கும் கேட்பதில் நியாயமில்லை.

ஆனால் ஆபத்து மூன்று எண்ணில் இருக்கிறது: கையிருப்பு ட்ரிடியம், நியூட்ரான் உற்பத்தி, கதிரியக்கம் ஏறிய உலோகத்தின் எடை. இந்தியா தனி விதி எழுதினால் இந்த மூன்றை வைத்துப் படிப்படியாக எழுத வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் வாடிக்கையாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். டியூட்டீரியம் மட்டும் வைத்து 10⁸ அளவில் 1,000 மணி நேரம் ஓட்டினாலும் உண்டாகும் ட்ரிடியம் சுமார் 0.6 மெகா பெக்கரல். சர்வதேச விலக்கு அளவு 1,000 மெகா பெக்கரல். அதே ஆட்கள் 1 கிராம் ட்ரிடியம் வாங்கி வைத்தால் ஏறத்தாழ 9,600 கியூரி. ஒரே சேம்பர், ஆனால் இரண்டும் ஒரே லைசென்ஸில் அடங்காது. "பிற்பாடு" என்பதை முதல் விண்ணப்பத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். ட்ரிடியத்துக்கான காற்றோட்டம், கிளவ் பாக்ஸ், கழிவுத் தொட்டி எல்லாம் கட்டடத்தோடு சேர்ந்தவை.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் தாங்களே இந்த லைசென்ஸை வழங்குகின்றன. இங்கே அது மத்திய அரசின் அதிகாரம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி என்ற புதிய அணுசக்திச் சட்டம், 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் இடத்தில் வருவது; ஏஇஆர்பிக்குச் சட்ட அந்தஸ்தும் தருகிறது. விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி அமலில் இருக்கிறது என்று வாரியத்திடமே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஐந்துரோடு_ஃபேப்:
நன்றி சார், ரொம்பத் தெளிவாச்சு. மெட்டீரியல்ல ஏதாவது தனியா பார்க்கணுமா? 304எல் ஷீட்டுக்கு மில் சர்டிபிகேட் இருக்கு. ஃபிளாஞ்சுக்கு மட்டும் லோக்கல்ல துண்டு வாங்கலாம்னு இருக்கேன்.

காஞ்சமலை:
துண்டு வாங்காதீங்கண்ணா. ஹீட் நம்பர் (மில்லில் உருக்கிய தொகுதி எண்) இல்லாத பீஸ் எதுவுமே இதுல போகக் கூடாது. ட்ரிடியம் வந்துட்டா நியூட்ரான் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட். அப்போ ஸ்டீலுக்குள்ள இருக்குற கோபால்ட், கோபால்ட்-60 ஆகும். அரை ஆயுள் 5.27 வருஷம். நிக்கல்ல இருந்தும் கொஞ்சம் வரும். நியோபியம் இருந்தா நியோபியம்-94, அது 20,000 வருஷக் கணக்கு. சாதாரண மில் சர்டிபிகேட்ல கார்பன், குரோமியம், நிக்கல் இருக்கும், கோபால்ட் இருக்காது. ஐட்டருக்கான 316எல் ஸ்டீல்ல கோபால்ட் 0.05 சதவீதத்துக்குள்ள இருக்கணும். அதே அளவைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஹீட்டுக்கும் லேப்ல கோபால்ட், நியோபியம் பார்த்து ரிப்போர்ட் இணைச்சுக் கொடுங்க. பின்னாடி கருவியைப் பிரிக்கும்போது எந்தத் துண்டு எந்த வகைக் கழிவுன்னு பிரிக்க அந்தப் பேப்பர்தான் ஆதாரம்.

வெல்டிங் உள்பக்கம் முழு நீளத்துக்கு, வெளிப்பக்கம் விட்டு விட்டு. ரெண்டு பக்கமும் முழுசா போட்டா நடுவுல காற்று மாட்டிக்கிட்டு நாள் கணக்கா கசியும், ஹீலியம் டெஸ்ட்லயும் பிடிபடாது. சீல் எல்லாம் கத்திமுனை ஃபிளாஞ்ச், காப்பர் கேஸ்கெட். ரப்பர் ஓ-ரிங் ட்ரிடியத்தை ஊடுருவ விடும், ரப்பரும் கெட்டுப்போகும்.

சேர்வராயன்_77:
இடம் பற்றி. ஏற்காடு தாலுகா மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது; ஏஇஆர்பி லைசென்ஸ் கையில் இருந்தாலும் கட்டட அனுமதி தனி வேலை. ட்ரிடியம் திட்டம் உண்மை என்றால் மலையைக் கைவிடச் சொல்லுங்கள். வாயுவாக இருப்பதைவிட நீராக மாறிய ட்ரிடியம் உடம்புக்குப் பல ஆயிரம் மடங்கு கெடுதல். மழையிலும் பனிமூட்டத்திலும் இறங்கி ஓடையோடு கலந்தால் காபித் தோட்டத்துக் கிணறு வரை போகும், வடிகட்டிப் பிரிக்க முடியாது. அடிவாரத்திலும், இடம் பார்க்கும்போதே சுற்றுவட்டக் கிணறு, போர்வெல் நீரின் இயல்பான ட்ரிடியம் அளவை எடுத்து வைக்கட்டும். கருவி ஓடத் தொடங்கிய பிறகு எடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.